இடுப்பு எலும்பு முறிந்தால் தாமதிக்காதீர்கள்

(முதியோர் நல முகாமில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



தஹஜ்ஜுதுக்கு எழுந்த வயதான உம்மா, ஒளு செய்யும் இடத்தில் வழுக்கி விழுகிறார். இடுப்பு எலும்பு முறிந்துவிடுகிறது. ஆபரேஷன் வேண்டும் என்கிறார் டாக்டர். வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வயதில் தாங்குவாரா?" என்பதுதான்.

மருத்துவர்களும் இதையே யோசித்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகர மருத்துவர்கள் 2008-இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். மொத்தம் 10. வயது 66 முதல் 85 வரை என்றால் 3, அதற்கு மேல் 4. ஆண் என்றால் 1. ஹீமோகுளோபின் 10 அல்லது அதற்குக் கீழே இருந்தால் 1. ஞாபக சக்தி குன்றியிருந்தால் 1. முதியோர் இல்லத்தில் வசிப்பவர் என்றால் 1. இதயம், நுரையீரல், சிறுநீரகம் போன்றவற்றில் இரண்டு நோய்களாவது இருந்தால் 1. புற்றுநோய் வந்திருந்தால் 1. மதிப்பெண் கூடக் கூட, ஆபரேஷன் முடிந்த 30 நாட்களுக்குள் உயிர் பிரியும் அபாயமும் கூடும்.

இதைக் கேட்டு, "இவ்வளவு மார்க் என்றால் இனி ஆபரேஷன் எதற்கு?" என்று கைவிட்டுவிடக் கூடாது. இந்தக் கணக்கு ஒரே நிலையில் உள்ள பலரைப் பற்றிப் பொதுவாகச் சொல்வது. நம் உம்மாவின் அஜலை அல்லாஹ் ஒருவனே அறிவான். யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று டாக்டர் முன்கூட்டியே அறியவும், குடும்பத்தாரிடம் உண்மையைச் சொல்லவும்தான் இந்த மதிப்பெண்.

ஆபரேஷன் இல்லாமல் படுக்கையிலேயே விட்டால் நிமோனியா, படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும்.

வயதை நம்மால் குறைக்க முடியாது; தாமதத்தைக் குறைக்க முடியும். மருத்துவமனையில் சேர்த்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன், அதற்கு அடுத்த நாளே எழுப்பி நடக்கப் பழக்குவது என்பது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல். நாமோ எலும்புக் கட்டு போட்டுப் பார்ப்போம், துபாயிலிருந்து மகன் வரட்டும் என்று நாட்களைக் கடத்துகிறோம். மகனிடம் போனிலேயே மஷூரா செய்யுங்கள். பணம்தான் தடை என்றால் அன்றைக்கே நம் அலுவலகத்தில் சொல்லுங்கள். காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள்.

"தாங்குவாரா?" என்பதோடு நிறுத்தாமல், "எப்போது ஆபரேஷன்? ரத்தம் வேண்டுமா? எப்போது எழுப்பி உட்கார வைக்கலாம்?" என்றும் டாக்டரிடம் கேளுங்கள். நம்மால் ஆனதைச் செய்துவிட்டு, பிறகு தவக்குல் வைப்போம்.

நம் பெரியவர்களுக்கு அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.