கரும்புத் தோட்டமும் நாலு தந்தியும்

(மெல்பேர்ண் சந்திப்பில் பேசியது. பேச்சுமொழியை முழுதாகத் திருத்தாமல் தருகிறேன்.)



என்னட்ட அடிக்கடி கேக்கிற ஒரு கேள்வி இருக்கு. "உலகம் எரியுது, நீங்கள் கராஜுக்குள்ள இருந்து யூக்கலேலி செய்யிறியளோ?" கேக்கிற ஆக்களில அரைவாசிப்பேர் பகிடிக்குக் கேக்கினம். மிச்சப்பேர் உண்மையாவே கேக்கினம். அவைக்குத்தான் இண்டைக்குப் பதில்.

கார்ல்டனில், ட்ரேட்ஸ் ஹோலுக்குக் கிட்ட, ஒரு தூண் நிற்கிறது. ஊர்வலத்துக்குப் போகேக்க எல்லாரும் அதைக் கடந்துதான் போறம். உச்சியில் மூன்று 8. 1856 ஏப்ரல் 21 அன்று மெல்பேர்ண் பல்கலைக்கழகக் கட்டடத்தில் வேலை செய்த கல்தச்சர்கள் கருவிகளைக் கீழே போட்டுவிட்டுப் பாராளுமன்றத்துக்கு நடந்தார்கள். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் தனக்கு. அந்த மூன்றாவது எட்டைத்தான் நாங்கள் இப்ப "ஹொபி" எண்டு லேசாச் சொல்லுறம். அது அடிபட்டு எடுத்த நேரம். எங்கட சனத்தில எத்தினை பேருக்கு அது கிடைச்சிருக்கு எண்டு பாருங்கோ. பகலில முதியோர் இல்லத்தில வேலை, இரவில ஊபர். 2012, 2013இல் படகில வந்து இன்னும் பிரிட்ஜிங் விசாவில இருக்கிற ஆக்களுக்கு அடுத்த வருசமே கையில இல்லை, பிறகெங்க பொழுதுபோக்கு? ஆகவே "யூக்கலேலி செய்யிறது தேவையோ" எண்ட கேள்வியை நான் இப்பிடி மாத்திக் கேக்கிறன்: ஒரு பொருளை ஆசைக்குச் செய்யிறதுக்கு ஆருக்கு விடுறாங்கள், ஆரைப் பிறப்பாலயும் ஒப்பந்தத்தாலயும் கட்டிவைச்சுச் செய்விக்கிறாங்கள்?

முதல்ல வேலையைச் சொல்லுறன், கேள்வி அதுக்குள்ளதான் இருக்கு.

சின்ன அளவு யூக்கலேலியில் தந்தியின் நீளம் ஏறக்குறைய 345 மில்லிமீற்றர். அதை 17.817ஆல் பிரித்தால் 19.36 வரும், முதலாவது கட்டை அந்தத் தூரத்தில் வெட்ட வேண்டும். மிச்ச நீளத்தைத் திரும்ப அதே எண்ணால் பிரித்தால் அடுத்த கட்டு. இப்பிடியே போனால் பன்னிரண்டாவது கட்டு சரி நடுவில வந்து நிக்கும். அரை மில்லிமீற்றர் பிசகினாலும் காது கண்டுபிடிச்சிடும். மேல்பலகையைச் சீவிச் சீவி இரண்டு மில்லிமீற்றருக்குக் கொண்டுவர வேணும். காதுக்குக் கிட்டப் பிடிச்சு விரலால தட்டிப் பாக்கிறது. தடிப்பாக இருந்தால் ஊமைச் சத்தம். பக்கப் பலகை அதிலும் மெல்லிசு. அதை நனைச்சு, உள்ளுக்கு நெருப்புப் பிடிச்ச இரும்புக் குழாயில மெல்ல மெல்ல அழுத்தி வளைக்க வேணும். ஒரு கட்டத்தில பலகை இளகிறது கைக்குத் தெரியும், அவசரப்பட்டால் முறியும். உள்விளிம்புக்குப் பசை பூசின பிறகு அழுத்திப் பிடிக்க உடுப்புக் காயப்போடுற கிளிப் போதும், ஒரு ஐம்பது வேணும். முழுசா ஒண்டு முடிக்க எனக்கு அறுபது மணித்தியாலம். கடையில ஐம்பது டொலருக்குள்ள வாங்கலாம். அந்தக் கணக்கில என்ர ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு டொலரும் இல்லை.

முகமூடி போடாமல் பலகை தேய்க்க வேண்டாம். பிளாக்வூட் தூள் மூச்சுக்குழாய்க்குக் கூடாது, ஆஸ்த்மா வரும். சமையலறைக் கல் வெட்டின தொழிலாளர்களுக்குச் சிலிக்கா தூளால வந்த நுரையீரல் நோயும், 2024 யூலையில அந்தச் செயற்கைக் கல்லையே நாடு முழுக்கத் தடை செய்யும் வரைக்கும் தொழிற்சங்கங்கள் நிண்டு பிடிச்சதும் உங்களுக்குத் தெரியும். தூள் எண்டால் தூள்தான், கராஜ் எண்டு பாக்காது.

நான் பாவிக்கிற பலகையில கனக்க நேச்சர் ஸ்ட்ரிப்பில பொறுக்கினது. பழைய கட்டிலின் தலைப்பலகை, கால் உடைஞ்ச அலுமாரி. வெள்ளைப் பெயின்றைச் சுரண்டினால் உள்ளே தேன் நிறத்தில் பிளாக்வூட். ஹவாயில் யூக்கலேலிக்கு உயர்ந்ததாகச் சொல்லும் கோவா மரமும் இதுவும் அக்கேசியா இனத்தில் நெருங்கிய உறவு. அதே பிளாக்வூட்டையும் அதன் சொந்தக்கார வாட்டில் மரங்களையும் வெள்ளைக்காரர் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கொண்டுபோய் நட்டார்கள். அங்கு சீகை என்று சொல்லும் மரம் இந்த வாட்டில்தான். தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளியையும் சோலைக்காட்டின் ஓரங்களையும் அது பிடித்துவிட்டது. இங்கே காட்டை வெட்டாதே எண்டு மறியல் செய்யிறம், அங்கே அதே மரத்தைப் பிடுங்கச் சொல்லிக் கேக்கினம். மரத்தில பிழை இல்லை.

சரி, யூக்கலேலி எங்கயிருந்து வந்தது? கடற்கரை, பூமாலை, சுற்றுலா விளம்பரம், இதுதானே கண்ணில வரும். உண்மையில் அது கரும்புத் தோட்டத்தின் பிள்ளை. 1879 ஆகஸ்டில் ராவென்ஸ்கிராக் என்ற கப்பல், போர்த்துக்கலின் மதேராத் தீவிலிருந்து நாலு மாதம் கடலில் கிடந்து ஹொனலூலுவுக்கு வந்தது. அதில் நானூறு பேருக்கு மேல், பெரும்பாலும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தம் போட்ட குடும்பங்கள். அவர்களுக்குள் மூன்று தச்சர்கள்: மனுவேல் நூனெஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரித்தோ சாந்தோ. அக்கால ஹவாய்ச் சட்டப்படி ஒப்பந்த வேலையை இடையில் விட்டுப்போனவரைப் பிடித்துச் சிறையில் போடலாம். ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்த இந்த மூவரும் 1880களின் நடுவில் ஹொனலூலுவில் கடை போட்டார்கள். தங்கள் ஊரின் மஷெட்டே என்ற சின்ன நாலு தந்தி வாத்தியத்தைக் கோவா மரத்தில் செய்தார்கள். அதுதான் யூக்கலேலியாச்சு. நாங்கள் விளையாட்டாச் செய்யிற இந்த வேலை, அவைக்குத் தோட்டத்தால வெளிய வாற கதவு.

அதே 1879இல், மே 14ஆம் திகதி, லியோனிடாஸ் என்ற இன்னொரு கப்பல் பிஜிக்கு வந்தது. கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்த முதல் கப்பல். 1903இலிருந்து சென்னைத் துறைமுகத்தால் எங்கட ஆக்களையும் ஏற்றினார்கள். பாரதி பாடிய கரும்புத் தோட்டப் பெண்கள் இவர்கள்தான். அந்தத் தோட்டங்களிலும் ஆலைகளிலும் பெரிய முதலாளி ஆர்? சிட்னியில் தலைமையகம் வைத்திருந்த சி.எஸ்.ஆர் சர்க்கரைக் கொம்பனி. குயின்ஸ்லாந்துக் கரும்புக்கு 1863இலிருந்து அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட பசிபிக் தீவு மக்களைக் கொண்டுவந்தார்கள். பலர் ஏமாற்றியும் கடத்தியும் ஏற்றப்பட்டவர்கள். வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கை வந்த பிறகு பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். சிட்னியில லிவர்பூல் பக்கம் பிஜித் தமிழரைக் கண்டால் "நீங்கள் எப்ப வந்தனீங்கள்" எண்டு கேக்கிற எங்கட ஆக்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கோ. சிட்னிக்கும் அவைக்கும் உள்ள கணக்கு எங்கட வருகையைவிடப் பழசு.

ஹவாயில் சர்க்கரை அதோட நிக்கேல்லை. 1893 ஜனவரியில் சர்க்கரை நலன்களோடு பிணைந்த வெள்ளை வணிகர்கள், அமெரிக்கக் கடற்படையினர் கரையிறங்கி நிற்க, அரசி லிலியுஒகலானியைக் கவிழ்த்தார்கள். 1898இல் அமெரிக்கா தீவுகளை விழுங்கியது. அரசி பெரிய பாடலாசிரியர். ஊகுலேலே என்றால் குதிக்கும் தெள்ளு என்று எல்லோரும் சொல்ல, அவர் அந்தச் சொல்லுக்கு "இங்கு வந்த பரிசு" என்று பொருள் சொன்னார். பிறகு 1915இல் சான் பிரான்சிஸ்கோக் கண்காட்சியின் ஹவாய் மண்டபத்தால் அமெரிக்கா முழுக்க யூக்கலேலிப் பைத்தியம் பிடிச்சது. பெரிய கொம்பனிகள் தொழிற்சாலையில் அடித்து இறக்கின. நாட்டைப் பறித்தவன் வாத்தியத்தையும் எடுத்துத் திரும்ப அந்தத் தீவுக்கே நினைவுப்பொருளாக வித்தான்.

இனி எங்கட வீட்டுக்கு வருவம். நான் யூக்கலேலி செய்யிறன் எண்டால் ஒன்றுகூடலில எல்லாரும் "ஆ, கெட்டிக்காரன்" எண்டு தோளில தட்டுகினம். ஊரில ஒருவர் மாட்டுத்தோலைக் கழுவி, மயிர் நீக்கி, புளியங்கொட்டைப் பசையால் சட்டத்தில் ஒட்டிப் பறை செய்தால் அவருக்கு என்ன பேர்? அதுவும் கைவேலை, அதுக்கும் காது வேணும். என்னுடையதை விடக் கஷ்டமான வேலை. மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற தொழிலாளியின் கையும் காதும் இருந்ததை அதில் படிக்கலாம். வெளியீட்டுக்குக் கொடுத்த மண்டப அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்ப எடுத்தது. மேடையில் தோலைத் தொடலாம், தோல் செய்தவரைப் பற்றி மேடையில் பேசக்கூடாது.

உங்களில பலர் பறை பழகிறியள். சந்தோசம். ஆனால் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் சாவு வீட்டுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று மறுத்ததே ஒரு போராட்டம். அதற்காக அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவையின்ர பிள்ளையள் இண்டைக்குப் பறையைத் தொடமாட்டன் எண்டால் அது பிற்போக்கு இல்லை. நாங்கள் மூன்றாவது எட்டுக்குள்ள வைச்சு ஆசையா அடிக்கிறதை, அவை வேண்டாமெண்டு சொல்லுற உரிமைக்குப் போராடினவை. இரண்டையும் ஒரே நேரத்தில மனசில வைச்சிருக்க வேணும். கஷ்டம்தான்.

போன கூட்டத்தில பறை வாங்கிற கதை வந்தது. பத்து எடுத்தால் விலை குறைப்பினம், பேரம் பேசுவம் எண்டு ஒரு தோழர் சொன்னார். எனக்கு அது சரியாப் படேல்லை. கூலி உயர்வுக்கு இங்க பதாகை பிடிக்கிறம், அங்க தோல் காயவைக்கிற ஆளிட்டப் பேரமோ? இடைத்தரகரை விட்டிட்டு, செய்யிறவரின்ர பேரைக் கேட்டு, அவர் சொல்லுற விலையைக் குடுப்பம். அவர் விரும்பினால் அவர் பேரைப் பறையின் உட்பக்கம் எழுதுவம். யூக்கலேலிக்குள்ள செய்தவன் பேர் ஒட்டுறது உலக வழக்கம். தோல் வாத்தியம் எல்லையில உயிர்ப்பாதுகாப்புப் பரிசோதனைக்குப் போகும் எண்டதையும் கணக்கில எடுங்கோ.

இரண்டாவது, என்ர கராஜில பட்டறை. முதல் நாலு சனிக்கிழமையும் யூக்கலேலி. கை பழக அது நல்லது, சின்னது, பலகை சும்மா கிடைக்கும். ஆறு பேருக்கு மேல இடமில்லை. இரவு வேலை செய்யிற ஆக்களுக்கு முதலிடம், நேரத்தை அவைக்கேத்த மாதிரி வைப்பம். அதுக்குப் பிறகு பறைச் சட்டம். சட்டத்துக்குப் பலகை என்னட்ட இருக்கு, வளைக்கவும் தெரியும். தோலை இழுத்து ஒட்டுறது எனக்குத் தெரியாது. அதை வீடியோவில சொல்லித்தர ஒருவரைக் கேட்டிருக்கிறன், அவர் ஓமெண்டிருக்கிறார். இங்க ஒரு கிற்றார் வாத்தியார் மணித்தியாலத்துக்கு எடுக்கிற காசை அவருக்குக் குடுக்க வேணும் எண்டது என்ர பிரேரணை. தேத்தண்ணிக்குப் போக முதல் அதை வாக்குக்கு விடுவம்.