படிதோறும் ஒரு சொல்

தைப்பூசத்தையொட்டி இரவில், கோலாலம்பூர் மகா மாரியம்மன் திருக்கோயிலினின்று வெள்ளி இரதம் பத்துமலை நோக்கிப் புறப்படுகையில், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் மழலையர் பெரும்பாலும் தந்தையர் தோளில் உறங்கிவிடுவர். அந்நெரிசலில் மொழிபயிற்றல் இயலாது. கூட்டம் ஓய்ந்தபின் வரும் பள்ளி விடுமுறையில் ஒரு காலைப்பொழுது போதும்.

பத்துமலைப் படிகள் 272. அவற்றைத் தமிழில் உரக்க எண்ணியவாறு குழந்தையோடு ஏறுங்கள். எண்பத்தொன்பது வரை ஓடிவந்த நா, அடுத்த படியில் நின்றுவிடும். ‘எட்டு’ எண்பதானது; ‘ஒன்பது’ என்னவாகும் எனத் திகைக்கும். ‘தொண்ணூறு’ என்று பாட்டியார் எடுத்துக்கொடுக்கட்டும். (அவருக்கும் மூச்சு வாங்கும், சற்றே அமரலாம்.)

2018-இல் படிகளுக்கு வண்ணம் தீட்டியமையால் நிறப்பெயர்களும் உடன்வரும். குழந்தை ‘பிங்க்’ என்றால் கடியவேண்டா. “ஆம், இளஞ்சிவப்பு” எனக் கூறி மேலே நடவுங்கள். கடிந்தால் வாய் மூடிக்கொள்ளும். வீட்டில் தமிழ் பேசிப் பழகாத பிள்ளை, ஏழு வயதில் தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டில் ஆசிரியர் வினவ, விடை அறிந்தும் ஊமையாய் நிற்கிறது.

இறங்கியபின், 2006-இல் திறக்கப்பெற்ற 140 அடி முருகன் திருவுருவைக் காட்டி, “கையில் என்ன?” என வினவுங்கள். ‘வேல்’ என்னும் விடையோடு விட்டுவிடாதீர். யார் கொடுத்தார், எதற்கு என்று அக்குழந்தையே கதை சொல்லட்டும். சூரபதுமனை யானையாக்கினாலும் இடைமறியாது முழுதும் கேளுங்கள்.