சுவர் எழுந்தால் பிள்ளை வாய் மூட வேண்டுமா?

ஆக்லாந்து தமிழ் உறவுகளே, தடுப்பில்லாத திறந்த வகுப்பறைகள் இனிக் கட்டப்பட மாட்டா என்று நியூசிலாந்துக் கல்வி அமைச்சர் எரிகா ஸ்டான்ஃபோர்ட் 2025 ஜூலையில் அறிவித்தார். சரி, இரைச்சலில் பிள்ளைகளுக்குப் பாடம் காதில் ஏறவில்லை, சுவர் எழும்பட்டும். ஆனால் அதைக் கேட்டதும் நம்மவர் சிலருக்குப் பொங்கிய ஆனந்தத்தைத்தான் பொறுக்க முடியவில்லை! "பார்த்தீர்களா, வாத்தியார் பேசணும், பிள்ளை வாய்பொத்திக் கேட்கணும்" என்கிறார்கள். அமைச்சர் சுவர்தானே ஐயா கேட்டார், பிள்ளை வாய்க்குப் பூட்டா கேட்டார்?

வாய்பொத்திக் கேட்டால் என்ன ஆகும்? 2014இல் ஆய்வாளர் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 225 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் விரிவுரை மட்டும் கேட்டவர்களில் நூற்றுக்கு 34 பேர் தோற்றார்கள். வகுப்பிலேயே கணக்குப் போட்டு, வாதாடிப் படித்தவர்களில் 22 பேர். ஊரில் பத்திரத்தை அடகு வைத்துப் பிள்ளையை இங்கே படிக்க அனுப்புகிறவரைக் கேளுங்கள், அந்த 12 பேர் என்ன விலை என்று! விரிவுரைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் லெக்சர் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கே வாசித்தல் என்றுதான் பொருள். ஏடு கிடைக்காத காலத்தில் ஒருவர் வாசித்தார், மற்றவர் எழுதிக்கொண்டார். அச்சு வந்து ஐந்நூறு ஆண்டு தாண்டியும் சேதி சில பேராசிரியர்களை எட்டவில்லை போலும்! "மாணவருக்கே விரிவுரைதானே பிடிக்கிறது?" பிடிக்கும். 2019இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வில், சரளமான விரிவுரை கேட்ட இயற்பியல் மாணவர்கள் நிறையக் கற்றதாக நினைத்தார்கள். தேர்விலோ திணறித் திணறித் தாமே போட்டுப் பார்த்தவர்கள் முந்தினார்கள். "அடிப்படையை யார் சொல்லித்தருவது?" ஆசிரியர்தான். பத்து நிமிடம் செய்து காட்டட்டும், பிள்ளை செய்யட்டும், தப்பை ஆசிரியர் திருத்தட்டும். ஒரு மணி நேரம் எதற்கு ஐயா பேச்சு?

நமக்கென்ன இது புதிதா? 2003இல் ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாய்க்கு வந்தார். கரும்பலகை பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கியது. பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படத்தில் ஆறு வயதுக்காரி தன் படியைத் தானே தேடி, அதற்குரிய பாட அட்டையை எடுத்துவந்து உட்கார்ந்தாள். சில இடங்களில் அட்டையும் சடங்காயிற்று, மறுக்கவில்லை. சடங்கைத்தான் திருத்த வேண்டும். இங்கேயும் பாருங்கள், மாவோரி மொழியில் கற்றலுக்கும் கற்பித்தலுக்கும் 'அக்கோ' என்று ஒரே சொல். தமிழில் கற்பித்தல் என்றாலே கற்க வைத்தல். 'நான் சொல்லிவிட்டேன், என் வேலை முடிந்தது' என்பதற்கு இரண்டிலும் இடமில்லை.

"நீரும் இப்போது விரிவுரைதானே நடத்துகிறீர்?" என்று பின்வரிசை முணுமுணுக்கிறது. உண்மைதான். இதோ ஒலிவாங்கி, மறுக்கிறவர் முதலில் வாருங்கள்.