மருந்துச் சீட்டுக்கு அப்பால்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டறிக்கை இப்பொழுது வாசிக்கப்பட்டது. பைத்துல்மாலிலிருந்து மருத்துவ உதவியாக வழங்கப்பட்ட தொகையையும், இலவச மருத்துவ முகாமில் பயனடைந்தோரின் எண்ணிக்கையையும் செயலாளர் அவர்கள் எடுத்துரைத்தார்கள். கேட்டு நாம் அனைவரும் மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சியின் ஊடே, நம் உள்ளத்தை நெடுநாளாக உறுத்திக் கொண்டிருக்கும் ஒரு செய்தியையும் இச்சபையில் சொல்ல விழைகிறோம்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் சென்ற ஆண்டில் மும்முறை மருந்துச் சீட்டுடன் பள்ளிவாசல் வாயிலில் வந்து நின்றார். மும்முறையும் பைத்துல்மாலுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தது நாம்தாம். மூன்றாம் முறை வந்தபோதுதான், "பெரியம்மா, மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டோம். "ஒன்றைப் பாதியாக உடைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறேன் ஹஜ்ரத். தீர்ந்துபோனால் மறுபடியும் உங்களிடம் வந்து நிற்க வெட்கமாக இருக்கிறது" என்றார். நாம் கொடுத்த பணம் உரியவரிடம்தான் போய்ச் சேர்ந்தது. நோயோ இருந்த இடத்திலேயே இருந்தது. முதல் முறையே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மூன்றாம் முறை கேட்டது நம் குறையே. அதனை இங்கு ஒப்புக் கொள்கிறோம்.

அதன் பின்னர், மருத்துவத்தில் தொடங்கி மக்களின் வாழ்வு முழுவதையும் தன் பொறுப்பாக ஏற்றுக்கொண்ட ஒரு நிறுவனத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். பங்களாதேஷ் நாட்டின் 'கணஸ்வாஸ்திய கேந்திரா' என்பது அதன் பெயர். 'மக்கள் நலவாழ்வு மையம்' என்று தமிழில் சொல்லலாம். அது வளர்ந்த விதத்தில் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

போர்க்காலத்தில் பிறந்தது

டாக்டர் ஜஃபருல்லாஹ் சௌத்ரி 1941-ஆம் ஆண்டு சிட்டகாங் பகுதியில் பிறந்தவர். டாக்கா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, அறுவை மருத்துவத்தில் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றிருந்தார். 1971-இல் பங்களாதேஷ் விடுதலைப் போர் மூண்டதும் அப்படிப்பை இடையிலேயே விட்டுவிட்டுத் தாயகத்தின் எல்லைக்கு விரைந்தார். டாக்டர் எம். ஏ. மொபின் முதலான தோழர்களுடன் சேர்ந்து, நம் இந்தியாவின் திரிபுரா மாநிலத்தில், மூங்கிலாலும் கூரையாலும் ஒரு கள மருத்துவமனையை எழுப்பினார். அதில் 480 படுக்கைகள் இருந்தன.

காயம்பட்டுக் கிடந்தோர் பலர். பயின்ற செவிலியரோ மிகச் சிலர். அகதிகளாக வந்திருந்த இளம்பெண்கள் பலர் பணிவிடை செய்ய முன்வந்தனர். அவர்களுக்குச் சில நாட்கள் பயிற்சி அளித்துப் பணியில் அமர்த்தினர். அப்பெண்கள் அப்பணியைச் செம்மையாகச் செய்தனர். போர் ஓய்ந்த பின்னர் அம்மருத்துவர்களின் மனத்தில் எழுந்த சிந்தனை இதுதான்: போர்க்களத்தில் இயன்ற இக்காரியம், மருத்துவரே எட்டிப் பாராத நம் கிராமங்களில் ஏன் இயலாது?

வீடு தேடிச் சென்ற மருத்துவம்

1972-இல், டாக்கா நகருக்கு வடமேற்கேயுள்ள சாவர் என்னுமிடத்தில் கூடாரங்களை அடித்து அம்மையம் தொடங்கப்பட்டது. நோயாளிகள் தேடி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்து இளைஞர்களை, அவர்களுள்ளும் பெரும்பாலும் பெண்களை, தெரிந்தெடுத்துப் பயிற்சி அளித்தனர். அவர்கள் சைக்கிளில் ஊர் ஊராகச் சென்றனர். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டனர். கருவுற்ற தாய்மார்களைக் கவனித்தனர். வயிற்றுப்போக்கு கண்டால் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைத் தயாரித்துக் கொடுக்கத் தாய்மார்களுக்குக் கற்றுத் தந்தனர். தம்மால் ஆகாத நோயாளிகளை மையத்திற்கு அனுப்பி வைத்தனர்.

பெண்பிள்ளைகள் சைக்கிள் மிதித்து ஊர் சுற்றுவதா என்று முகம் சுளித்தோர் அக்காலத்தில் உண்டு. ஆனால் பெண்களின் நோயைப் பெண்களிடமே சொல்ல முடிந்தது. ஆண் மருத்துவர் நுழைய இயலாத வீட்டின் உள்ளறை வரை அப்பணியாளர்களால் செல்ல முடிந்தது. பயிற்சி பெற்ற இவ்வகைப் பணியாளர்களே பெண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சையைச் செய்தது பற்றி அம்மையத்தார் எழுதிய கட்டுரையை, உலகப் புகழ்பெற்ற 'லான்செட்' மருத்துவ இதழ் 1975-இல் வெளியிட்டது. அந்தச் சிகிச்சை குறித்து நம்மிடையே கருத்துகள் பலவாறாக இருக்கலாம். முறையாகப் பயிற்றுவித்தால் கிராமத்துப் பெண் எத்தகைய பொறுப்பையும் தாங்குவாள் என்பதற்குச் சான்றாகவே இதனை இங்கே குறிப்பிடுகிறோம்.

அடுத்து, கட்டணத்தைப் பற்றி. அவர்கள் எல்லாவற்றையும் இலவசமாக வாரி வழங்கவில்லை. 1973-லேயே மருத்துவக் காப்புச் சந்தா முறையைக் கொண்டு வந்தனர். குடும்பத்தின் நிலைக்கேற்பச் சந்தா வகுக்கப்பட்டது. வறியவர் மிகச் சிறு தொகை கட்டினார். வசதியுள்ளவர் கூடுதலாகக் கட்டினார். எல்லாக் குடும்பங்களும் அதில் சேர்ந்துவிடவில்லை. வசூலான தொகை செலவு முழுவதையும் ஈடுகட்டவும் இல்லை. ஆயினும் அச்சிறு தொகையைக் கட்டிய ஏழை, தலைகுனிந்து கையேந்தி நிற்கவில்லை; உரிமையோடு வந்து சிகிச்சை பெற்றார். நம் மஹல்லா மூதாட்டி சொன்ன அந்த 'வெட்கம்' என்ற சொல்லை இங்கே நினைத்துப் பாருங்கள்.

நோய் திரும்பி வருவது ஏன்?

வீடு வீடாகச் சென்ற பணியாளர்கள் விரைவிலேயே ஓர் உண்மையைக் கண்டுகொண்டனர். குணமாகிச் சென்ற குழந்தை சில வாரங்களில் அதே நோயுடன் திரும்பி வந்தது. காரணம் தேடினால், வீட்டில் உண்ண உணவில்லை. உணவில்லாததற்குக் காரணம் தேடினால், நிலமில்லை, கடன் இருந்தது. தாய்க்கு எழுத்து தெரியாது, கைத்தொழிலும் தெரியாது. மருந்து புட்டியில் இதற்கெல்லாம் மருந்து இல்லை.

எனவே, மருத்துவமனையாகத் தோன்றிய அந்நிறுவனம் ஒவ்வொரு காரணத்தையும் பின்தொடர்ந்து சென்றது. நிலமற்ற ஏழை உழவர்களுக்குக் கடனுதவி அளித்தது. பெண்களுக்கென 'நாரி கேந்திரா' என்னும் தொழிற்கூடத்தை அமைத்தது. தச்சு வேலை, உலோக வேலை, காலணி தயாரித்தல் ஆகிய தொழில்களைப் பெண்கள் கற்றனர். ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் திறந்தது. அப்பள்ளியில் மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். வீட்டு வேலையின் காரணமாகப் பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளுக்கு, வந்து படித்த பிள்ளைகள் தாம் கற்றதைச் சொல்லிக் கொடுத்தனர்.

சகோதரர்களே! காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கும் வரை எவருக்கும் ஆட்சேபம் இருப்பதில்லை. ஏழை தன் காலில் நிற்கத் தொடங்கும்போதுதான் எதிர்ப்பு தலைதூக்குகிறது. 1976-இல் அம்மையத்தின் கிளை ஒன்றில் பணியாற்றிய இளைஞர் கொலை செய்யப்பட்டார். உடன் பணியாற்றியோர் எத்துணை கலங்கியிருப்பர் என்பதை நாம் ஊகிக்கலாம். எனினும் பணி நின்றுவிடவில்லை.

மருந்தின் விலையைக் கேட்டவர்கள்

மருந்து எழுதிக் கொடுத்தாலும் அதன் விலை ஏழைக்கு எட்டவில்லை என்பதை அவர்கள் அடுத்து எதிர்கொண்டனர். சந்தையின் பெரும்பகுதி பன்னாட்டு நிறுவனங்களின் கையில் இருந்தது. அவசியமற்ற சத்து டானிக்குகளும் கலவை மருந்துகளும் மிகுந்திருந்தன. ஆகவே தாங்களே மருந்து தயாரிக்க முடிவு செய்தனர். 1981-இல் அவர்களது மருந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. வணிகப் பெயரைக் காட்டி விலையை ஏற்றாமல், மூலப்பெயரிலேயே அவசிய மருந்துகளைத் தயாரித்துக் குறைந்த விலைக்கு விற்றனர். இலாபம் தனிமனிதர் பைக்குச் செல்லாமல் அறப்பணிக்குத் திரும்பியது.

மறு ஆண்டே, அதாவது 1982-இல், அந்நாட்டு அரசு தேசிய மருந்துக் கொள்கையை அறிவித்தது. பேராசிரியர் நூருல் இஸ்லாம் அவர்களின் தலைமையில் அமைந்த வல்லுநர் குழுவில் டாக்டர் ஜஃபருல்லாஹ்வும் ஓர் உறுப்பினர். தீங்கானவை அல்லது தேவையற்றவை எனக் கண்டறியப்பட்ட 1,700-க்கும் மேற்பட்ட மருந்துகளை விலக்கவும், 150 அவசிய மருந்துகளுக்கு முதலிடம் தரவும் அக்கொள்கை வழிசெய்தது. இராணுவ ஆட்சியின் கீழ் வந்த கொள்கை என்ற குறை அதற்குண்டு. பன்னாட்டு நிறுவனங்கள் எதிர்த்தன. சொந்த நாட்டு மருத்துவர் சங்கமும் எதிர்த்தது. இன்று பங்களாதேஷ் தன் மருந்துத் தேவையில் மிகப் பெரும்பகுதியைத் தானே தயாரித்துக் கொள்வதற்கு அடித்தளமிட்டவற்றுள் அக்கொள்கை முதன்மையானது.

ஒரு கூடாரத்தில் தொடங்கிய மருத்துவப் பணி, பத்தே ஆண்டுகளில் ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றும் நிலைக்கு வந்தது. 1985-இல் டாக்டர் ஜஃபருல்லாஹ்வுக்கு ரமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது. 1998-இல் அந்நிறுவனம் ஒரு பல்கலைக்கழகத்தையும் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் சாவரில் நடைபெற்ற மக்கள் நலவாழ்வு மாநாட்டில் உலகின் பல நாடுகளிலிருந்து 1,400-க்கும் மேற்பட்டோர் கலந்து கொண்டனர்.

இவ்வளவும் வளர்ந்த பின்னர் நிறுவனர் எங்கே சிகிச்சை பெற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். முதுமையில் அவருடைய சிறுநீரகங்கள் பழுதடைந்தன. 2017-இல் டாக்கா நகரில் 100 படுக்கைகளுடன் டயாலிசிஸ் நிலையம் ஒன்றை அந்நிறுவனம் திறந்தது. அங்கும் நோயாளியின் வசதிக்கேற்பவே கட்டணம். 2020-இல் கொரோனா தொற்றியபோதும் தாம் உருவாக்கிய மருத்துவமனையிலேயே அவர் படுத்திருந்தார். 2023 ஏப்ரல் 11 அன்று அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. பிறருக்கு எது போதும் என்று எண்ணினாரோ அதுவே தமக்கும் போதும் என்று வாழ்ந்து காட்டினார்.

நாம் செய்யத்தக்கது

ஜமாஅத்தார்களே! நம்மிடம் 480 படுக்கைகளும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. அவர்களும் அவற்றோடு தொடங்கவில்லை. நோயாளியிடம் ஒரு கேள்வியை மேலும் கேட்டார்கள். விடை காட்டிய திசையில் ஓர் அடி நடந்தார்கள். அவர்கள் வளர்ந்தது அப்படித்தான்.

முகாம் வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. முகாம் ஒரு நாள். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் ஆண்டின் எல்லா நாட்களிலும் உடனிருப்பவை. ஆகவே, பெருஞ்செலவில்லாத மூன்று காரியங்களை நிர்வாகத்தின் பார்வைக்கு வைக்கிறோம்.

முதலாவது, நம் மஹல்லாவில் தொடர்ந்து மருந்து உட்கொள்ள வேண்டியவர்கள் யார் யார் என்பதற்கு ஒரு பதிவேடு வேண்டும். யாருடைய வீட்டில் என்ன நோய் என்பது அமானிதம். அதைப் பார்ப்போர் இருவர் அல்லது மூவரோடு நிற்க வேண்டும்.

இரண்டாவது, படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் சகோதரிகளுள் விருப்பமுள்ள சிலருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளந்து பார்க்கப் பயிற்சி அளிக்க வேண்டும். நம் தெருப் பெண்களின் வீடுகளுக்கு அவர்கள் மாதம் ஒருமுறை சென்று வரட்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்நோய்களுக்கான மாத்திரைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அம்மூதாட்டி மாத்திரையை உடைத்துச் சாப்பிட வேண்டிய தேவையே இருந்ததில்லை. அதனை அவரிடம் எடுத்துச் சொல்லவும், கையைப் பிடித்து அழைத்துச் செல்லவும் ஓர் ஆள் இல்லை. நம்மிடம் குறைந்தது பணமன்று, ஆள்தான்.

மூன்றாவது, உதவி கேட்டு வரும் ஒவ்வொரு மனுவிலும் 'இந்நிலை ஏன் ஏற்பட்டது' என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். கடன் என்றால் கடனுக்கு வழி காண்போம். வேலையின்மை என்றால் தையல் இயந்திரமோ தள்ளுவண்டியோ தருவோம். பிள்ளையின் படிப்பு நின்றது என்றால் பள்ளிக்குத் திருப்பி அனுப்புவோம். ஒரே குடும்பம் ஆண்டுதோறும் நம் வாயிலில் வந்து நின்றால், அதை அவர்களின் பழக்கம் என்று ஒதுக்காமல், நம் உதவியில் ஏதோ குறை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம்.

அடுத்த ஆண்டறிக்கையில், எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பதன் கீழே, எத்தனை பேர் மீண்டும் கேட்க வேண்டிய தேவையின்றி நிமிர்ந்தார்கள் என்ற ஒரு வரியும் இடம்பெற வேண்டும் என்பது நம் அவா. அவ்வரியில் முதலாண்டு ஒன்று என்ற எண் இருந்தாலும் போதும்.

அம்மூதாட்டி இப்போது நலமாக இருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாத்திரை பெற்று வருகிறார். சென்ற மாதம் பள்ளிவாசல் பக்கம் வந்தபோது அவர் கையில் சீட்டு இல்லை. "சும்மா சலாம் சொல்லிவிட்டுப் போக வந்தேன் ஹஜ்ரத்" என்றார்.

வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நல்ல உடல்நலத்தையும், பிறர் நலம் பேணும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.