எம்டனும் அமைதிப்படையும்

கறுப்பு அங்கிக்குள் வியர்த்து வழிய உட்கார்ந்திருக்கும் பட்டதாரிகளே, வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோரே,

ராயபுரத்தில் நான் வளர்ந்த தெருவில் கண்டிப்பான அப்பாவுக்கு ‘எம்டன்’ என்று பெயர். கெட்டிக்காரப் பையனும் எம்டன்தான். 1914 செப்டம்பர் 22 இரவு நம் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய ஜெர்மன் கப்பல் அது. ஊரைவிட்டு மூட்டை கட்டியவர்கள் ஏராளம். வெள்ளைக்காரனுக்கு அவமானம், நம் ஆட்களுக்குப் பயத்தோடு கொஞ்சம் ரகசிய சந்தோஷமும் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது எப்படிப் பாராட்டாகும்?

அது அடுத்தவன் கப்பல். நம் படை அடுத்தவர் கரைக்குப் போன கதைக்கு வருகிறேன்.

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இந்திய ராணுவம் யாழ்ப்பாணம் போனது. டெல்லி வைத்த பெயர் அமைதி காக்கும் படை. யாழ்ப்பாணத்தார் மாலை போட்டார்கள். கொழும்பிலோ, ஒப்பந்தத்துக்கு மறுநாளே அணிவகுப்பு மரியாதையில் நின்ற சிங்களக் கடற்படை வீரர் ஒருவர் பிரதமர் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார். அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டது. 21ஆம் தேதி யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த நம் படை மருத்துவர்களையும் தாதியரையும் நோயாளிகளையும் சுட்டது. நவம்பர் 25 அன்று அதே மண்ணில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் மார்பில் குண்டு வாங்கி இறந்தார். பரம்வீர் சக்ரா பெற்றவர்; அவரும் தமிழர்தான். அடுத்த ஆண்டு நவம்பரில் இதே ராணுவம் மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பை முறியடித்தது. அங்கே நன்றி சொன்னார்கள்.

1990 மார்ச்சில் படை நம் துறைமுகத்துக்குத் திரும்பியது. வரவேற்க முதலமைச்சர் கலைஞர் போகவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் அப்பா, “சரியாத்தான் செஞ்சாரு” என்றார். மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பியிருந்த மாமா ஒன்றும் பேசவில்லை. பாதிச் சோற்றில் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார். அப்பா சொன்னது தவறென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. மாமா எழுந்து போனதும்தான்.

இறந்த இந்திய வீரர்கள் சுமார் 1,200 பேர். அவர்களுக்குக் கொழும்பை ஒட்டிய கோட்டேயில் நினைவுச்சின்னம் கட்டியது இலங்கை அரசு. யாழ்ப்பாண மருத்துவமனையில் ஆண்டுதோறும் அக்டோபர் 21 அன்று சுடப்பட்டவர்களுக்கு அஞ்சலி நடக்கிறது. சம்பளம் வாங்க ஆரம்பித்ததும் ஒரு தடவை போங்கள். இரண்டு இடத்திலும் சற்று நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.