வாத்துக்கு அம்மா பக்கத்துக் கதை மட்டும் போதுமா?

தாம்பரத்துலேருந்து வேளச்சேரி போற பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைப் பார்த்திருப்பீங்க. டிசம்பர், ஜனவரியில அங்க மிதக்கிற ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி எல்லாம் இமயமலைக்கு அந்தப் பக்கத்துலேருந்து வர்ற விருந்தாளிங்க. இன்னிக்கு எபிசோடு இவங்களோட மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பத்தி.

ஒரு வாத்தோட முழு மரபணுத் தொகுதி 100 கோடி எழுத்துக்கு மேல. மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள தனியா இருக்கிற டி.என்.ஏ. சுமார் 16,600 எழுத்துதான். ஆனா ஒரு செல்லுக்கு நூத்துக்கணக்குல நகல் இருக்கும். அதனால கீழே விழுந்த இறகோட அடிக்குழல்லேருந்தே படிச்சிடலாம். முக்கியமா, அது அம்மாகிட்டேருந்துதான் பிள்ளைக்கு வரும். நம்ம பாஷையில, மெர்ஜே நடக்காத கிட் ஹிஸ்டரி. ரெண்டு வாத்தோட வரிசையை ஒப்பிட்டு, எத்தனை எழுத்து மாறியிருக்குன்னு எண்ணினா, ரெண்டுக்கும் பொதுவான பாட்டி எவ்வளவு காலத்துக்கு முன்னாடின்னு தோராயமா கணக்குப் போடலாம். ஒரு கூட்டத்துல எத்தனை விதமான வரிசை இருக்குங்கிறது, அதோட மரபணுப் பன்மைக்கு ஒரு அளவுகோல்.

இதுல ஒரு செம பக் உண்டு. இந்த டி.என்.ஏ.வோட பழைய துண்டுகள் சில உட்கருவுக்குள்ள போய் டெட் கோடா ஒட்டிக்கிட்டிருக்கு. நம்ம சிவப்பணுவுல உட்கரு இல்ல, பறவைக்கு இருக்கு. அதனால ரத்தத்துல சாம்பிள் எடுத்தா, நிஜ வரிசைக்குப் பதிலா அந்தப் பழைய நகலைப் படிச்சு ஏமாற வாய்ப்பு அதிகம்.

இதைவிடப் பெரிய சிக்கல் அப்பா பக்கம். நியூசிலாந்துல வெளியிலேருந்து கொண்டுவந்து விட்ட மல்லார்டு வாத்து, உள்ளூர் சாம்பல் வாத்தோட கலந்துடுச்சு. பார்த்தா மல்லார்டு, மைட்டோகாண்ட்ரியா சாம்பல் வாத்தோடது, அப்படிப்பட்ட பறவைகள் அங்க இருக்கு. அம்மா பக்கத்தை மட்டும் படிச்சா இந்தக் கலப்பே தெரியாது.

வலசை வர்ற வாத்துங்க கதையும் இதே மாதிரிதான். பெரும்பாலான பறவைகள்ல ஆண் பிறந்த இடத்துக்குப் பக்கத்துலயே தங்கும், பெண் வெளியே போகும். வாத்துல உல்டா. ஊசிவால் மாதிரி வாத்துங்க குளிர்காலத்துலயே ஜோடி சேர்ந்துடும். அப்புறம் பெண் தன் ஊருக்குக் கிளம்ப, மாப்பிள்ளை பின்னாடியே பறப்பார். அவர் பிறந்த ஊர் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் சரி. அதனால தாய்வழி வரிசையில ஊருக்கு ஊர் சுவர் தெரியலாம். முழு மரபணுத் தொகுதியைப் படிச்சா அந்தச் சுவர் கரைஞ்சு போயிருக்கும். ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும்னு சொல்றது இதனாலதான்.

அந்த மெர்ஜ் நடக்கிற இடம் எது? குளிர்கால நீர்நிலை. "இங்க முட்டையே போடல, நாலு மாசம் தங்கிட்டுப் போற கெஸ்ட்தானே"ன்னு பள்ளிக்கரணையைப் பத்திப் பேசுறவங்க, அது கல்யாண மண்டபம்ங்கிறதை மறந்துடறாங்க. 2022-ல சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் தளமாச்சு. ஆனா ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு, நடுவுல ரேடியல் ரோடு. எனக்கு எரிச்சலா வரும்.

அடுத்த ஜனவரியில பைனாகுலரோட போங்க. ஒரு பெண் ஊசிவாலைச் சுத்தி நாலஞ்சு ஆண் வாத்து கழுத்தை நீட்டிக்கிட்டு, வாலைத் தூக்கிக்கிட்டு சீன் போட்டா, பொண்ணு பார்க்கிற படலம் அதுதான்.