மூளையின் நாற்றங்காலும் என் முழங்கால் மாத்திரையும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் எழுந்து நின்றாலே பராமரிப்புக் கட்டண பாக்கியைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று பாதிப் பேர் கைபேசியை எடுத்துவிடுவீர்கள். இன்று பாக்கி விவகாரம் இல்லை. நான் செய்த ஒரு மடத்தனத்தைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. மூளையில் அழற்சியைக் குறைத்தால் எந்த வயதிலும் புதிய நரம்பணுக்கள் முளைக்குமாம். அதற்குச் சாதாரண வலி மாத்திரையே போதுமாம். எனக்கு முழங்கால் வலியும் உண்டு, தெரிந்தவர் பெயரே மறந்துபோகிற கவலையும் உண்டு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று, டாக்டரைக் கேட்காமல் தினம் இரண்டு வேளை விழுங்கினேன். ஏழாவது வாரம் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.1-லிருந்து 1.9-க்கு ஏறியிருந்தது. டாக்டர் திட்டிய திட்டை இங்கே சொல்ல முடியாது. மாத்திரையை நிறுத்திய பிறகு மெல்ல இறங்கியது. போன வாரம் லிஃப்டில் பி பிளாக் நண்பர் ஒருவர், "அண்ணாச்சி, ஞாபக சக்திக்கு ஏதோ மாத்திரை சாப்பிடுதியளாமே, பேரு என்ன?" என்று கேட்டார். அதனால்தான் இந்தப் பேச்சு.

அந்தத் தகவல் முழுப் பொய்யாக இருந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். அது பாதி உண்மை. நான் படித்தது பி.காம்.தான். ஆனாலும் இந்த இரண்டு மாதமாக இதையே தேடித்தேடிப் படித்தேன்.

மூளையின் உள்ளே, காதுகளுக்கு நேர் உட்பக்கமாக, ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. புதிய விஷயங்களை நினைவில் பதிய வைப்பது அதன் வேலை. பெரியவர்களான பிறகும் அங்கே புது நரம்பணு உண்டாகிறது என்று 1998-ல் ஸ்வீடன், அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினார்கள். 2013-ல் ஸ்வீடனின் யோனாஸ் ஃபிரிசென் குழு, அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பனை வைத்து நரம்பணுக்களின் வயதைக் கணக்கிட்டது. ஒரு பக்கத்து ஹிப்போகாம்பஸில் நாளொன்றுக்குச் சுமார் 700 புது அணுக்கள் என்று கணக்கு வந்தது. (பேரேட்டில் தேதியைப் பார்த்து வரவு எது என்று கண்டுபிடிப்பது மாதிரி. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.) 2018-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு குழு, பெரியவர்களிடம் அப்படி எதையும் காணோம் என்றது. 2025-ல் ஃபிரிசென் குழு, 78 வயது வரையுள்ளவர்களின் மூளைகளைப் பார்த்து, புது நரம்பணுவை உண்டாக்கும் தாயணுக்கள் முதியவர்களிலும் இருப்பதைக் காட்டியது. ஆனால் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். சிலரிடம் ஏராளம், சிலரிடம் அனேகமாக இல்லை. வழக்கு இன்னும் முழுதாக முடியவில்லை.

சீவலப்பேரிப் பக்கம் பிசானத்துக்கு நாற்றுப் பாவியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹிப்போகாம்பஸை அப்படி ஒரு நாற்றங்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காவல் மைக்ரோகிளியா என்ற அணுக்கள். 1919-ல் ஸ்பெயினின் ரியோ ஒர்தேகா இவற்றைப் பிரித்து அடையாளம் காட்டினார். இவை மூளையின் நோய் எதிர்ப்பு அணுக்கள். கிளைகளை நீட்டி நீட்டிச் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். எலிகளில் புதிதாய்ப் பிறந்த அணுக்களில் பெரும்பாலானவை சில நாட்களிலேயே இறந்துவிடுகின்றன. செத்த நாற்றைப் பிடுங்குவது போல, மைக்ரோகிளியா அவற்றைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். 2010-ல் இது தெரியவந்தது.

ஆடு உள்ளே புகுந்தால்தான் வினை. விரட்டப் போகிற காவற்காரனே நாற்றை மிதித்துவிடுகிறான். கிருமியோ காயமோ வந்து மைக்ரோகிளியா சூடேறினால், அது வெளியிடும் ரசாயனங்கள் புது அணுக்களையும் கெடுக்கின்றன. 2003-ல் ஸ்வீடனின் லுண்ட், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் என்று இரண்டு இடங்களில் ஒரே வருடத்தில் எலிகளில் இதைக் கண்டார்கள். ஸ்டான்ஃபோர்ட் குழு இன்டோமெத்தசின் என்ற வலி மாத்திரையைக் கொடுத்தபோது எலிகளில் புது அணு வளர்ச்சி மீண்டது. எனக்கு வந்த வாட்ஸ்அப் தகவலின் வேர் இதுதான். எலி என்ற ஒரு வார்த்தையை மட்டும் யாரோ வழியில் தொலைத்துவிட்டார்கள்.

நம் ஊர்ப் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-ல், நம் வேலூர்ப் பகுதியில். நெல் வயல் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு பரப்புவது அது. ஹரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் அனிர்பன் பாசு குழு இதைப் பல வருடம் ஆராய்ந்தது. வைரஸ் நேரடியாகக் கொல்வது போக, கொதித்தெழுந்த மைக்ரோகிளியா கக்கும் பொருள்களாலும் நரம்பணுக்கள் சாகின்றன என்று கண்டார்கள். 2008-ல், நாற்றங்கால் தாயணுக்களையே வைரஸ் தாக்கி, அவை பெருகுவதைக் குறைக்கிறது என்றும் காட்டினார்கள். அது எலிக்குட்டிகளில், நம் வயதுக்காரர்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பிழைத்த குழந்தைகள் பலருக்கு ஏன் படிப்பும் பேச்சும் தடுமாறுகிறது என்பதற்கு இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. பேரப்பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையில் இந்த ஊசி போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

சரி, மனிதர்களுக்கு வலி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்களா? பார்த்தார்கள். அமெரிக்காவில் 70 வயதுக்கு மேற்பட்ட, குடும்பத்தில் அல்சைமர் நோய் உள்ளவர்களுக்கு நாப்ராக்சென், செலகாக்சிப் கொடுத்துச் சோதித்தார்கள். இதயத்துக்கு ஆபத்து வருமோ என்ற கவலையில் 2004 டிசம்பரில் மாத்திரையை நிறுத்தினார்கள். பிறகு கணக்குப் பார்த்தபோதும் மறதி நோயைத் தடுத்ததாகத் தெரியவில்லை. இதை நான் முதலிலேயே படித்திருந்தால் என் சிறுநீரகம் தப்பியிருக்கும்.

வயதான எலிகளில் மைக்ரோகிளியா சட்டென்று சூடேறும், ஆறுவதற்கு நேரமாகும். அதனால் நான் என் வீட்டில் மாற்றிக்கொண்டது ஒன்று: காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச்சளி எதையும் "ரெண்டு நாள் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவதில்லை. வீட்டில் பெரியவர்கள் திடீரென்று ஆள் மாறியது போலப் பேசினால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். தொற்று இருக்கிறதா என்று அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று நடை. ஓடும் சுண்டெலிகளுக்குப் புது நரம்பணு அதிகம் என்று 1999-லேயே தெரிந்தது. ஓடும் எலியின் மைக்ரோகிளியா நாற்றுக்குத் துணை நிற்கிறது என்று 2012-ல் ஒரு ஆய்வு சொன்னது. 2011-ல் அமெரிக்காவில் 120 முதியவர்களில் ஒரு பாதியை ஒரு வருடம் நடக்க வைத்ததில், நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெருத்திருந்தது. அது புது நரம்பணுவால்தானா என்று ஸ்கேன் படம் சொல்லாது. ஆனால் இதில் கிரியாட்டினின் ஏறாது.

பி பிளாக் நண்பருக்கு மாத்திரையின் பெயரைச் சொல்லவில்லை. காலை 5.45-க்கு கேட் பக்கம் வரச் சொன்னேன். இரண்டு நாள் வந்தார். மூன்றாம் நாள், பின்பக்கப் பாதையில் விளக்கு எரியவில்லை, இருட்டில் தடுக்குகிறது என்று நின்றுவிட்டார். விளக்குக்கான செலவை அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். அப்போது பாக்கியைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும்.